தேங்கிய சொற்களுக்கு நிவாரணம் கோரி

பெறுநர்: ஈ.டி.எஸ். நிறுவனம், பிரின்ஸ்டன், நியூ ஜெர்சி.

பொருள்: அமெரிக்க மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்காக மனப்பாடம் செய்து, செலவாகாமல் கிடக்கும் ஆங்கிலச் சொற்கள் – நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

2011 ஆகஸ்டில் தங்கள் நிறுவனம் ஜி.ஆர்.இ.யிலிருந்து எதிர்ச்சொல், ஒப்புமைப் பகுதிகளை எடுத்துவிட்டது. நல்ல முடிவுதான். ஆனால் அதற்குள் பாரன்ஸ் புத்தகத்தின் 3,500 சொற்களோடு மல்லுக்கட்டிவிட்ட சென்னை, கோவை, திருச்சிப் பொறியியல் பட்டதாரிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்கள் படித்த விதம் பிரின்ஸ்டன்வரை எட்டியிருக்க நியாயமில்லை. 'லொக்வேஷஸ்' என்றால் லொடலொடவென்று பேசுகிறவர். 'பெனுரி' என்றால் பேனா வாங்கவும் காசில்லாத வறுமை. 'பல்க்ரிடியூட்' மட்டும் எதற்கும் மசியவில்லை. பல் வியாதி போல ஒலித்துக்கொண்டு அது பேரழகைக் குறிக்கிறதாம்!

எதிர்ச்சொல் கேள்வியில் பெரிய எழுத்தில் ஒற்றைச் சொல் நிற்கும். கீழே ஐந்து விடைகள். அந்தச் சொல்லை யார், யாரிடம், எந்தக் கோபத்தில் சொல்வார்கள் என்ற கவலையே வேண்டாம். 'லொக்வேஷஸ்'ஸுக்கு எதிரி 'டாசிடர்ன்' என்று தெரிந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். இரண்டையும் யாரும் பேசிக் கேட்டிராதவர்களும் சரியாகவே குறித்தார்கள்.

பிறகு ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா வரிசை. "செலவு யார் செய்கிறார்கள்?" என்ற கேள்விக்கு "அப்பா" என்பதற்கு மேல் எந்தச் சொல்லும் தேவைப்படவில்லை.

எதிர்ச்சொல் போன இடத்தில் கோடிட்ட இடங்கள் பெருகின. ஒரே வாக்கியத்துக்குப் பொருந்தி, ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களைத் தேடும் 'சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ்' வந்தது. சூழலைப் படித்துப் பொருள் காண்பது நல்ல பயிற்சிதான். ஆனால் நான்கு விடைகளின் அர்த்தமே தெரியாதவருக்குச் சூழல் என்ன செய்யும்? ஆகவே சொற்பட்டியல்கள் சாகவில்லை. ரப்பர் பேண்ட் போட்ட அட்டைகள் செல்போன் செயலிகளுக்குக் குடிபெயர்ந்தன, அவ்வளவுதான்.

2023இல் தேர்வு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருங்கியது. ஜி.ஆர்.இ.யே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கப் பல்கலைத் துறைகளும் பலவாகிவிட்டன.

மதிப்பெண்ணுக்கு ஐந்தாண்டு ஆயுள் வைத்த தாங்கள், சொற்களுக்குக் காலாவதித் தேதி குறிக்கவில்லை. நாற்பதைத் தாண்டிய மேலாளரின் மின்னஞ்சலில் இன்றும் 'அமீலியரேட்' எட்டிப் பார்க்கிறது. பதில் எழுத வேண்டியவர் அகராதியைத் தேடுகிறார். மேற்படி சொற்களைப் பாதி விலைக்காவது திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
2011க்கு முன் எழுதியோர்.

இணைப்பு: பாரன்ஸ் புத்தகம், ஒன்று. 'பி' எழுத்துக்குப் பிறகு பென்சில் கோடுகள் இல்லை.