சுருதி தனி

மாண்டலின் தயாரிப்பில் பாரெங்கும் புகழ் பரப்பிவரும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் நலப் பிரிவுத் திலகங்களுக்கு,

என் புகாருக்குத் தாங்கள் அனுப்பிய பதில் நேற்று கிடைத்தது. “சுருதி சேராமை உற்பத்திக் குறைபாடாகக் கருதப்படாது. உத்தரவாதம் மரத்துக்கு மட்டுமே.” இரண்டே வரி. அதற்குள் எத்தனை தெளிவு! சங்கீத வாத்தியம் வாங்குகிறவன் சங்கீதத்தையும் சேர்த்து எதிர்பார்ப்பது பேராசை என்று இத்தனை வயதுக்குப் பிறகு எனக்குப் புரியவைத்தீர்கள். நன்றி.

விஜயதசமியன்று சங்கீத வாத்தியார் வீட்டில் நடந்ததைப் புகாரிலேயே எழுதியிருந்தேன். தங்களுக்குப் படிக்க நேரமிருந்திராது. சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கூடம் நிறையப் பிள்ளைகள், தாம்பூலத் தட்டோடு பெற்றோர்கள். “ச, ப, மேல் ச, இந்த மூணை மட்டும் மீட்டுங்க சார்” என்றார் வாத்தியார். முதல் ச ஒழுங்காக வந்தது. ஏழாம் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே அறைந்த ஏழாவது உலோகப் பட்டியில், பஞ்சமத்துக்குப் பதில் பஞ்சமத்தின் ஒன்றுவிட்ட சித்தப்பா வந்தார். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் வந்தவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தன்னைவிடப் பெரிய வயலினைப் பிடித்திருந்த ஒரு பொடியன், “மாமா, இன்னும் மேல் ச வாசிக்கலையே?” என்றான். வாசித்துவிட்டேன் என்று அந்தச் சபையில் எப்படிச் சொல்வது?

பில்லை எடுத்துப் பார்த்தேன். ஐயாயிரத்துச் சொச்சம். பை இலவசம், தோள்வார் இலவசம், பிக் இலவசம். சுருதி தனி. பரோட்டா கடையில் ஆம்லெட் தனி என்று எழுதி மாட்டியிருப்பார்களே, அந்த மாதிரி தாங்களும் பெட்டியின் மேல் எழுதியிருக்கலாம். “சுருதி எவ்வளவுங்க?” என்று கேட்டு, சின்னப் பொட்டலமாக ஒன்று கட்டி வாங்கி வந்திருப்பேன்.

நான் தட்டை முகப்பு மாண்டலின் கேட்டதும் ஒரு கணக்கோடுதான். 1898-இல் அமெரிக்காவில் ஆர்வில் கிப்சன் வயலினைப் போல முகப்பைக் குடைந்து வளைத்துக் காப்புரிமை வாங்கினார். அந்த வளைவுக்குக் கனத்த பலகையும் வேண்டும், கைதேர்ந்தவரின் உழைப்பும் வேண்டும். அதனால் விலை ஏறும். தட்டை முகப்புக்கு மெல்லிய பலகை ஒன்றும் அடியில் தாங்கிச் சட்டங்களும் போதும். முதல் உலகப் போர் காலத்தில் கிப்சன் கம்பெனியே படைவீரர்களை மனத்தில் வைத்து, முன்னும் பின்னும் தட்டையான எளிய மாண்டலினை விற்றது. நாதமும் மோசமில்லை, கணீரென்று குத்தாமல் இதமாக நிற்கும். மிச்சமாகிற கூலி நல்ல மரத்துக்கும் சரியான ஃப்ரெட்டுக்கும் போகும் என்று நம்பினேன்.

அந்தக் கூலி எங்கே போயிற்று என்று தேடியபோதுதான் தங்கள் கலையுள்ளம் தெரிந்தது. துளையைச் சுற்றிச் சிப்பி வேலை போல ஸ்டிக்கர். கழுத்தில் பூங்கொடி ஸ்டிக்கர். ஒட்டுப்பலகையின் மேல் ஸ்ப்ரூஸ் மரத்தின் ரேகை அச்சடித்த தாள். உத்தரவாதம் மரத்துக்கு மட்டும் என்கிறீர்களே, அந்தத் தாளும் அதில் அடக்கமா? அல்லது மரமும் தனியா?

எல்லாவற்றுக்கும் மகுடம், கம்பிகளைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜ். மாண்டலினில் பொதுவாகப் பிரிட்ஜை ஒட்டுவதில்லை. கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கும். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படியும் நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை எவ்வளவோ, அங்கிருந்து பிரிட்ஜ் வரைக்கும் ஏறக்குறைய அவ்வளவு, அதாவது பதினேழு பதினெட்டு சென்டிமீட்டர் இருக்கவேண்டும். தாங்களோ ‘இங்கே வைக்கவும்’ என்று ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தீர்கள், வேண்டிய இடத்துக்குக் கழுத்துப் பக்கமாக ஒரு விரற்கடை முன்னால். அந்த ஒரு விரற்கடையில் பன்னிரண்டாம் ஃப்ரெட் கிட்டத்தட்ட அரை சுரம் ஏறிவிடும். வாத்தியார் பொறுமையாக அதை நகர்த்திச் சரிசெய்தார். மேல் ச சேர்ந்தது. உடனே காந்தாரமும் மத்தியமமும் கோபித்துக்கொண்டு வெளியேறின. பிரிட்ஜை நகர்த்தலாம், தப்பான இடத்தில் அறைந்த ஃப்ரெட்டை எதைக் கொண்டு நகர்த்துவது?

பெட்டியின் மேல் ‘கர்னாடக சங்கீதத்துக்கும் உகந்தது’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் ஜோடிக் கம்பிகளை விட்டு, ஒற்றைக் கம்பிகள் ஐந்து பூட்டிய மின்சார மாண்டலினில்தான் நம் சங்கீதத்தின் கமகங்களைக் கொண்டுவந்தார். சங்கீதத்துக்காக வாத்தியத்தை மாற்றினார் அவர். தாங்கள் வாத்தியத்துக்காகச் சங்கீதத்தையே மாற்றச் சொல்கிறீர்கள். மேளகர்த்தா ராகங்கள் 72 என்று சொல்லிவைத்த பெரியவர்கள் தங்கள் தொழிற்சாலைப் பக்கம் வந்ததில்லை போலும்.

எனக்காவது தலை நரைத்துவிட்டது, பொடியன் சிரித்தால் நானும் சேர்ந்து சிரித்துக்கொள்வேன். இதே மாண்டலினை ஒரு தையல்காரர், மாதக் கடைசியில் கடன் வாங்கி, மகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். அந்தப் பெண் விரல் நுனி கன்றிப்போகும்வரை சாதகம் செய்கிறாள். சுரம் சேரவில்லை. ‘உனக்கு ஞானம் இல்லை, விடு’ என்று வீடே தீர்ப்புச் சொல்கிறது. மாண்டலின் பரணுக்குப் போகிறது. அவள் அதற்குப் பிறகு வாய்விட்டுக்கூடப் பாடமாட்டாள். அவள் விரல் சரியாகத்தான் விழுந்தது ஐயா. தப்பு நீங்கள் அறைந்த ஃப்ரெட்டில். மலிவாக விற்பது குற்றமில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது போதும் என்று நினைத்துச் செய்கிறீர்களே, அது அயோக்கியத்தனம்.

மன்னிக்கவும், சற்றே சுருதி ஏறிவிட்டது. பிரிட்ஜ் நகர்ந்திருக்கும்.

தங்கள் பெருந்தன்மையை நம்பி ஒரே விண்ணப்பம். தட்டையாகவே செய்யுங்கள். பளபளப்பு வேண்டாம், பூங்கொடி வேண்டாம், பையும் வாரும் வேண்டாம். அந்தக் காசில் ஃப்ரெட் வெட்டும் அச்சை ஒருமுறை அளவுகோல் வைத்துச் சரிபாருங்கள். அச்சு ஒன்று தப்பினால் அதில் பிறக்கும் மாண்டலின் அத்தனையும் தப்பு. எட்டுக் கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ பாரத்துக்கு இழுக்கும்; அதைத் தாங்கும் சட்டங்களை உள்ளே வையுங்கள். இதற்கெல்லாம் விலை கொஞ்சம் கூடினாலும் கொடுக்கிறோம். வேண்டுமானால் பில்லில் அலங்காரம் தனி என்று போட்டுக்கொள்ளுங்கள். சுருதியை உள்ளே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மரத்துக்கு மட்டும் உத்தரவாதம் பெற்ற
தங்கள் பணிவுள்ள வாடிக்கையாளர்.

பி.கு.: மாண்டலின் வாங்கப் போகிறவர்களுக்கு. துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேலே தெரியும் ரேகை பலகையின் கனத்திலும் இறங்கினால் அது முழு மரம், அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள், பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக ஒலிக்கவேண்டும். ஒலிக்காவிட்டால் பிரிட்ஜை நகர்த்தித் தரச் சொல்லுங்கள். பிறகு நட்டிலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக, கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்துப் பாருங்கள். “அதெல்லாம் வாசிக்க வாசிக்கச் சரியாயிடும் சார்” என்று கடைக்காரர் சொன்னால், பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். தப்பான ஃப்ரெட் எத்தனை வருஷம் வாசித்தாலும் சரியாகாது.