ஓரங்குலம்

ஆண்டவன் எனக்கு அளந்த உயரம் 5 அடி 3 அங்குலம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இன் சீட் உயரம் 825 மில்லிமீட்டர். இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்த பெருமை என்னைச் சேரும். வேண்டுமானால் சீட்டை 845-க்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்ததைப் படித்து என் மனைவி சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

வண்டி நம்ம சென்னையில் செய்ததுதான். ஆனால் செய்தவர்கள் நினைத்தது லடாக்கை. பாறையும் ஓடையும் தாண்டட்டும் என்று தரைக்கு மேலே 230 மில்லிமீட்டர் இடைவெளி, சக்கரம் மேலும் கீழும் ஆட 200 மில்லிமீட்டர். நான் தாண்டுவதோ விஜயமங்கலம் டோல்கேட். பெருந்துறை பஸ் ஸ்டாண்டு நெரிசலில் 196 கிலோவைக் கட்டைவிரல் நுனியில் தாங்கி நான் ஆடுவது சலங்கை கட்டாத பரதநாட்டியம். சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வரும் பையன்கள், "அண்ணா, புடிச்சுக்கட்டுங்களா?" என்பார்கள். உதவிதான், காதில் அப்படி விழாது.

"ஏனுங்க, குதி ஒசரமா ஒரு பூட்ஸ் வாங்கிப் போட்டா ஆகாதுங்களா?" என்றாள் மனைவி. அவ்வளவு மலிவான யோசனையை ஏற்கக் குடும்பத் தலைவனின் கௌரவம் இடம்கொடுக்குமா? 805-க்கு இறக்கும் தாழ்ந்த சீட்டும் விற்கிறார்கள். மெத்தை மெலிந்தால் முதுகுக்கு ஆகாது என்று நானே டாக்டராகி அதையும் தள்ளிவிட்டேன்.

மெக்கானிக் தம்பி முதலில் பின் ஷாக்கின் பிரீலோடைப் பார்த்தார். ஸ்பிரிங்கின் அந்த முன்இறுக்கத்தைத் தளர்த்தினால், ஏறி உட்காரும்போது வண்டி இன்னும் கொஞ்சம் அமுங்கும். ஆள் உட்கார்ந்ததும் சக்கர ஆட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை அமுங்குவது கணக்கு. அளந்துவிட்டு, "அது ஏற்கனவே நல்லா அமுங்கியிருக்குதுங்ண்ணா" என்றார், என் தொப்பையைப் பார்க்காமல். மரியாதை தெரிந்த பிள்ளை.

மிச்சம் இருந்தது லிங்க். ஷாக்குக்கும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே நெம்புகோலாக வேலை செய்கிற அமைப்பு. அதன் பட்டையின் நீளத்தைச் சில மில்லிமீட்டர் மாற்றினால் போதும், பின்புறம் ஓரங்குலம் இறங்கிவிடும். இறங்கியது. என் பாதம் முதல்முறையாகப் பூமியைப் பார்த்தது.

பின்புறம் இறங்கினால் முன்புறம் சும்மா இருக்குமா? அண்ணாந்துகொண்டது. ராத்திரியில் ஹெட்லைட் ரோட்டை விட்டுவிட்டுத் தென்னைமரத்தில் குரும்பை எண்ணியது. திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஹேண்டில் சோம்பலாகவே திரும்பியது. போர்க்குகளைக் கிளாம்பில் மேலேற்றி முன்புறத்தையும் தாழ்த்த வேண்டியதாயிற்று. அடுத்து சைடு ஸ்டாண்டு. உடம்பு இறங்கியும் ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருந்ததால், சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி தேசியகீதத்துக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றது. ஆடி மாசத்துக் காற்று ஒன்று போதும், வலப்பக்கம் விழ. லேத்துப் பட்டறையில் கொடுத்து ஸ்டாண்டில் ஒரு துண்டு வெட்டினோம்.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்கில் வேகத்தடைக்கு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். எங்கள் வீதியில் இருப்பது உயரத்தை மட்டும் தாராளமாக வைத்துக்கொண்டு அகலத்தை மறந்துவிட்டது. தாழ்ந்த வண்டியின் வயிறு அதில் உரசியது. போதாததற்கு, மனைவியும் சென்னிமலைப் பெட்ஷீட் மூட்டையும் பின்னால் ஏறினால் டயர் மட்கார்டில் உரசக்கூடாது என்று பிரீலோடை இறுக்க வேண்டும். இறுக்கினால் வண்டி எழும்பும். அவர்களை இறக்கிவிட்டுத் தனியாக ஏறினால் மறுபடியும் பரதநாட்டியம்.

லீவுக்கு வந்த மகன் ஏறிப் பார்த்தான். அவன் அவனுடைய தாய்மாமன் உயரம்.

"முட்டி மடங்கிப் போகுதுப்பா. பழைய லிங்க்கையே போட்டுருங்க."

பழைய லிங்க் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஸ்டாண்டுக்குத்தான் மறுபடியும் பட்டறைக்குப் போனேன்.

"வெட்டறது ஒரு ரேட்டு, ஒட்டறது ஒரு ரேட்டுங்க. வெட்டுன துண்டு இருந்தாக் கொண்டாங்க, கொறச்சுக்கலாம்."

துண்டு வீட்டில்தான் இருக்கிறது. மொட்டைமாடிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறாள் மனைவி. இந்த வண்டிக்குச் செலவழித்ததில் உருப்படியானது அது ஒன்றுதானாம், தரமாட்டேன் என்கிறாள்.