சிலையிடம் பேசுகிறவர்

கொங்கு நாட்டிலிருந்து சென்னைக்குச் சுற்றுலாப் புறப்படும் எந்தப் பேருந்திலும் இவர் ஒருவர் இருப்பார். மெரினாவில் கால் நனைப்பதிலோ வண்டலூரில் புலி பார்ப்பதிலோ இவருக்குப் பெரிய நாட்டமில்லை. ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் கால் வைத்ததும்தான் சட்டைக் கையை மடித்துவிடுவார். அங்கே சிலைபோல நிற்கும் மனிதனைச் சிரிக்க வைத்தாக வேண்டும்.

தவணை முறையில் பொருள் விற்றுப் பேர் வாங்கிய வி.ஜி.பி. நிறுவனத்தாருக்கு லண்டன் பக்கிங்காம் அரண்மனைக் காவலர்களைப் பார்த்து வந்த யோசனை அது என்பார்கள். பெரிய மீசையோடு ஒருவர் ஆடாமல் அசையாமல் நிற்க, 1990கள் தொட்டுப் பிள்ளைகள் அவர் முன்னால் கோணங்கி செய்து தோற்றிருக்கிறார்கள்.

நம்மவர் கோணங்கி செய்ய மாட்டார். விசாரிப்பார்.

“ஏனுங்க தம்பி, சாப்டீங்களா?”

பதில் வராது. கேட்ட கேள்விக்கு ஒரு ‘ங்க’கூடத் திரும்பி வராதது கோயம்புத்தூர்க்காரருக்கு லேசான அடியல்ல. ஆனாலும் விடமாட்டார். “முழங்கால வெறப்பா வெச்சுக்காதீங்க, மயக்கம் வந்துரும்” என்பார். இதில் மட்டும் அவர் சொல்வது முழு உண்மை. ரத்தம் காலில் தேங்கினால் மூளைக்குப் போவது குறைந்துவிடும். 2023 ஜூனில் லண்டனில் இளவரசர் வில்லியம் முன்னிலையில் நடந்த அணிவகுப்பு ஒத்திகையிலேயே, கரடித்தோல் தொப்பி போட்ட காவலர்கள் வெயில் தாளாமல் விழுந்தார்கள்.

அடுத்து சொந்தக் கதை. போர்வெல் ஆயிரம் அடி போயும் புழுதிதான் வந்தது என்பார். “ஆயிரத்தி எரநூறுங்க” என்று பின்னாலிருந்து வீட்டம்மா திருத்துவார். குறுக்கே பேசாமல் கேட்டது சிலை மட்டுமே.

இப்போது அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. அவிநாசி சாலைக் கல்யாண மண்டப வாசலிலேயே தங்க வண்ணம் பூசிய பையன் பன்னீர்ச் செம்போடு நிற்கிறான். பார்சிலோனாவின் ராம்ப்லா வீதியில் காசு போட்டால் சிலை அசையும். நம்மவர் காசு போட மாட்டார். நாள் கூலி எவ்வளவு, சாப்பாடு உண்டா, பெயிண்ட் தோலுக்கு ஆகுமா என்று கேட்பார். பிறகு பந்திக்கு ஓடி, இலையில் இரண்டு மைசூர்பாகு கட்டிக்கொண்டு வந்து நீட்டுவார்.

உதடு அசையாமல் குரல் வரும்: “பத்து மணிக்கு மேலதானுங்ணா.”

பேசிவிட்டது! மூன்றாம் பந்திக்குள் சேதி மண்டபம் முழுக்கப் பரவிவிடும். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், சிலை பேசிய கணக்கில் கூலியைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று ஒப்பந்தக்காரரைத் தேடிப் புறப்படுவார்.