தோமாவுக்கு மட்டும் ஏன்லே பட்டப்பேரு?

ஏல மருமவனே, உங்க அம்மை போன் போட்டு ஒரே அழுகை. பெங்களூருக்குப் போன மவன் நாத்திகன் ஆயிட்டானாம். கோயிலுக்குப் போறதில்லையாம், திருவிருந்து எடுக்கதில்லையாம். கேட்டா, "எனக்குச் சந்தேகமா இருக்கும்மா"ங்கியாம். "ஏளா தங்கச்சி, அழாத. சந்தேகம் வரணும்னா மண்டைக்குள்ள கொஞ்சமாவது சரக்கு இருக்கணும். உன் மவனுக்கு அது இருக்குன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்"னேன். போனை வச்சுட்டா. அவளுக்கு நையாண்டி ஆகாது. உனக்கும் ஆகாது. அதுக்காவத் தாய்மாமன் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியுமா?

மொதல்ல ஒனக்கு ஒரு வழி சொல்லித் தாரேன். ஊரு மெச்சுற விசுவாசி ஆகணும்னா சந்தேகத்தைத் தீர்க்கணும்னு அவசியமே இல்ல. வெளிய தெரியாம வச்சுக்கிட்டாப் போதும். பெரிய எழுத்து வேதாகமத்தை இடுக்கிக்கிட்டு முன்வரிசையில உக்காரு. ஐயரு பிரசங்கத்துல மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் ஒரு ஆமென் போடு. கன்வென்ஷன்ல கை தூக்கச் சொன்னா மொதக் கை ஒன் கையா இருக்கட்டும். எவனாவது கஷ்டம்னு வந்தா, "எல்லாம் கர்த்தர் பாத்துக்கிடுவாரு"ன்னு சொல்லிட்டு நைசா நழுவிரு. கொஞ்ச நாள்ல ஒன்னைச் சேகர கமிட்டிக்கு நிறுத்திருவாவ. அங்க வந்து எவனும் கடவுள் மேல ஒனக்குச் சந்தேகம் உண்டான்னு கேக்க மாட்டான். நீ எந்த அணின்னுதான் கேப்பான்.

இந்த வெவரம் தெரியாம, உள்ளதை உள்ளபடி சொல்லிட்டு முழிச்சுக்கிட்டு நிக்க.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை தோமா கதையை வாசிப்பாவளே, ஞாபகம் இருக்கா? யோவான் 20. ஆண்டவர் வந்த அன்னைக்கு அந்த மனுசன் அங்கன இல்ல. இல்லாததுக்குத் தண்டனை, உலகம் உள்ளளவும் 'சந்தேகத் தோமா'ன்னு பேரு. சரி, மத்த பத்துப் பேரும் என்ன யோக்கியம்? லூக்கா 24 எடுத்துப் பாரு. கல்லறைக்குப் போன மகதலேனா மரியாளும் மத்த பொம்பளையாளுவளும் மூச்சிரைக்க வந்து சொல்லுதாவ. இவிய அதை வீண்பேச்சுன்னு தள்ளிட்டாவ. பேதுரு மட்டும் ஓடிப்போயி குனிஞ்சு பாத்தாரு, துணி தனியாக் கெடந்துச்சு, யோசிச்சுக்கிட்டே திரும்பி வந்துட்டாரு. 'சந்தேகப் பேதுரு'ன்னு எவனாவது சொல்லுதானா? பொம்பளை சொன்னதை ஆம்பளை நம்பலைன்னா அது சந்தேகக் கணக்குல சேராது போல.

இன்னும் கேளு. எட்டு நாள் கழிச்சு ஆண்டவர் திரும்ப வாராரு. அப்பவும் கதவு பூட்டித்தான் கெடக்கு! உள்ள இருக்கவன்ல பத்துப் பேரு, உயிரோட எழும்பின ஆண்டவரைக் கண்ணால கண்டவன். கண்டு ஒரு வாரம் ஆச்சு. பெறவும் எதுக்குவே பூட்டு? மொதத் தடவை யூதருக்குப் பயந்து பூட்டினாவன்னு யோவான் எழுதுதாரு. ரெண்டாந் தடவை காரணத்தை எழுதல. எழுத வெக்கப்பட்டிருப்பாரோ என்னமோ, அவரும் உள்ளதான இருந்தாரு.

அந்த எட்டு நாளும் தோமா எங்க இருந்தாரு? அதான் எனக்குப் பிடிச்ச சங்கதி. காயத்துல வெரலை விட்டுப் பாக்காம நம்ப மாட்டேன்னு மொகத்துக்கு நேரா சொல்லிட்டு, அவியகூடவே இருந்தாரு. "நீங்கல்லாம் பொய் சொல்லுதிய"ன்னு கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போகல. அவியளும் "நம்பாதவனுக்கு இங்கன சாப்பாடு கெடையாது"ன்னு எலையை எடுக்கல. ஆண்டவர் வந்து நிக்கும்போது ஆளு அந்த அறையில இருந்தாரு. காணாம நம்புறவன் பாக்கியவான்னு ஒரு குட்டு வச்சது வாஸ்தவம்தான். ஆனா குட்டுறதுக்கு முன்ன காயத்தை நீட்டினாருல்லா!

அப்படிப்பட்ட ஆளு பெறவு 52ல மலையாளக் கரையில எறங்கி, 72ல நம்ம பரங்கிமலையில குத்துப்பட்டுச் செத்தாருன்னு பரம்பரையாச் சொல்லுதாவ. சரித்திரம் படிச்சவன் அதுக்கு ஆதாரம் எங்கன்னு கேக்கான். கேக்கட்டும். தோமா பேருல உள்ள கதையைத் தொட்டுப் பாக்காம ஒத்துக்கிட்டா அவருக்கே பிடிக்காது.

யோவான்ஸ்நானகன் கதை இதவிட மோசம். ஆத்துல நின்னு ஊரறிய ஏசுசாமியை இவருதான்னு கை காட்டின மனுசன். ஏரோது பிடிச்சு உள்ள போட்டதும் ரெண்டு பேரை அனுப்பி, வாரவரு நீருதானா, இல்ல வேற ஆளுக்குக் காத்திருக்கணுமான்னு கேக்காரு. ஜெயில்ல கெடந்தா எவனுக்கும் வரும். ஏசுசாமி மொகத்தைச் சுளிக்கல. கண்டதைப் போய்ச் சொல்லுங்கன்னு அவங்களை அனுப்பிட்டு, ஸ்திரீகள்கிட்டப் பொறந்தவங்கள்ல இவரைவிடப் பெரியவரு இல்லன்னு கூட்டத்துக்கு முன்ன சர்டிபிகேட் குடுக்காரு. நம்ம சபையா இருந்தா மொத வேலையா அவரு பேரை அங்கத்தினர் லிஸ்ட்லேருந்து எடுத்திருப்பாவ.

சந்தேகப்படுறவன் கடல் அலைன்னு யாக்கோபு எழுதியிருக்காரேன்னு ஒனக்கு ஒருத்தர் வசனம் காட்டினாராமே. அதுக்கு முந்தின வசனத்தையும் வாசிக்கச் சொல்லு. ஞானம் இல்லாதவன் கேக்கட்டும், கேக்கவனைக் கடவுள் கடிஞ்சுக்கிட மாட்டாருன்னு இருக்கு. பனையேறி மேல போனதும் மட்டையை ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துட்டுத்தான் பிடிப்பான். அவனுக்குப் பனை மேல நம்பிக்கை இல்லைன்னு கீழ நின்னு பதனி குடிக்கவன் சொல்லுவானா?

இனி வெளையாட்டுப் பேச்சு இல்ல. ஒன் சந்தேகம் எங்க பொறந்துச்சுன்னு எனக்குத் தெரியும். உங்க அப்பா ஆஸ்பத்திரியில கெடக்கையில உபவாச ஜெபம் வச்சோம். ஊழியர் ஒருத்தர் வந்து தலையில கை வச்சு, சொகம் ஆயிட்டுன்னு அறிக்கை பண்ணிட்டுப் போனாரு. மச்சான் போயிட்டாரு. அடக்கத்துக்கு வந்த அதே மனுசன் உங்க அம்மை காதுல, வீட்டுல விசுவாசம் பத்தலைன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் அன்னைக்குக் கம்பை எடுத்திருக்கணும்.

பவுலுக்கு மாம்சத்துல ஒரு முள்ளு. மூணு தடவை கெஞ்சினாரு, எடுக்கல. பவுலுக்கு விசுவாசம் பத்தலையா? துரோப்பீமுவை நோயாளியாவே மிலேத்துல விட்டுட்டு வந்தேன்னு கடைசி நிருபத்துல எழுதுதாரு. தீமோத்தேயு வயித்து வலிக்கு ஜெப எண்ணெய் அனுப்பல, கொஞ்சம் திராட்சரசம் குடின்னு வைத்தியம் சொன்னாரு. சங்கீதம் 88 இருக்கு. கடைசி வரி வரைக்கும் விடிவே இல்லாத பொலம்பல். அது கோராகின் புத்திரர் பாட்டு, பாட்டுத் தலைவன் கையில குடுத்து ஆலயத்துல பாட வச்சது. நம்ம பாடகர் குழு அதைப் பாடி நான் கேட்டதில்ல. வருசப் பொறப்பு ராத்திரி எடுக்க வாக்குத்தத்த அட்டையிலயும் செழிப்புதான் வருது. ஒங்களுக்கு உபத்திரவம் உண்டுன்னு ஆண்டவரு சொன்னதும் வாக்குத்தத்தம்தான. அதை அச்சடிச்ச அட்டை என் கைக்கு வந்ததில்ல.

அன்னை தெரசா நம்ம சபை இல்ல, ஆனா அவிய கதை ஒனக்கு ஆகும். 1997ல இறந்தாவ. பத்து வருசம் கழிச்சு, 2007ல, அவிய கடுதாசியெல்லாம் புஸ்தகமா வந்துச்சு. ஜெபம் பண்ணினா உள்ள ஒண்ணுமே இல்ல, இருட்டா இருக்குன்னு வருசக்கணக்கா குருமாருக்கு எழுதியிருக்காவ. காலையில எந்திரிச்சு அந்த இருட்டோடயே போயி கொல்கத்தாத் தெருவுல கெடந்தவங்களைத் தூக்கியிருக்காவ. ரோமாபுரியில அதை வாசிச்சுட்டு அவங்களைத் தள்ளி வைக்கல. 2016ல புனிதர்னு சொல்லிட்டாவ.

நம்ம திருநெல்வேலி கிருஷ்ணபிள்ளையையே எடுத்துக்கோ. 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினவரு. சாயர்புரத்துல தமிழ் வாத்தியார் வேலைக்கு வந்தது 1853ல. ஞானஸ்நானம் எடுத்தது 1858ல. வைஷ்ணவப் பிள்ளை, நல்லா யோசிச்சுத்தான் எறங்கியிருக்காரு. இன்னைக்குன்னா கூட்டத்துக்கு வந்த மூணாம் நாளே சாட்சி சொல்ல மேடை ஏத்தியிருப்பாவ.

இவ்வளவு சொன்னதால நீ பெரிய தோமான்னு நெனச்சுக்கிடாத. ஒன் சந்தேகத்துல பாதி அசல், பாதி சோம்பேறித்தனம். அதெப்படி மருமவனே, ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு மட்டும் கரெக்டா வருது? வாட்ஸ்அப்புல பூண்டுத் தண்ணி குடிச்சா சர்க்கரை போயிரும்னு வந்ததை எனக்கு அனுப்பினியே, அன்னைக்கு எங்க போச்சு? எவனோ சொன்னான்னு பங்கு வாங்கி ரூவாயை விட்டியே, அவன்கிட்டக் காயத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டியா? சந்தேகப்படுறதா இருந்தா முழுசாப் படு. நாலு சுவிசேசத்தையும் உக்காந்து வாசி, ஐயருகிட்டப் போயி நேராக் கேளு, முழிச்சாருன்னா எனக்கு ஒரு போன் போடு, நானும் வந்து வேடிக்கை பாக்கேன். யூடியூப்ல எவனோ பத்து நிமிசம் பேசினதைக் கேட்டுட்டு வாரதுக்குப் பேரு சந்தேகம் இல்ல, அதுவும் ஒரு கன்வென்ஷன்தான்.

அடுத்த வாரம் கோயில்ல அசன விருந்து. வந்துரு. ஆராதனையில விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எந்த வரி தொண்டையில நிக்குதோ, அந்த வரிக்கு வாயை மூடிக்கோ. பக்கத்துல நிக்க நான் சொல்லுதேன். நான் சொல்லாம நிக்க வரியும் ஒண்ணு ரெண்டு உண்டு, அதை நீ சத்தமாச் சொல்லு. எந்த வரின்னு உங்க அம்மைகிட்டச் சொல்லிராத.