மீனோடு நின்றுபோன அத்தியாயம்

ஆயுள் முழுக்க வர்க்கம், வர்க்கம் என்று எழுதித் தள்ளிய மனிதர், வர்க்கம் என்றால் என்ன என்று சொல்ல உட்கார்ந்த இடத்தில் பாதியில் எழுந்து போய்விட்டார். 'மூலதனம்' மூன்றாம் தொகுதி, 52ஆம் அத்தியாயம், தலைப்பு 'வர்க்கங்கள்'. கூலி உழைப்பாளி, முதலாளி, நிலவுடைமையாளர் என்று மூன்று பேரை மேடையேற்றுகிறார் மார்க்ஸ். வருமானம் வரும் வழியை வைத்துப் பிரித்தால் போதுமா என்று தானே கேட்டுக்கொள்கிறார். போதாதாம், அப்படிப் பார்த்தால் டாக்டர்கள் ஒரு வர்க்கம், அரசு அதிகாரிகள் இன்னொரு வர்க்கம் ஆகிவிடுவார்கள். நிலவுடைமையாளர்களும் திராட்சைத் தோட்டக்காரர், வயல்காரர், காட்டுக்காரர், சுரங்கக்காரர், மீன்பிடி நீர்நிலைக்காரர் என்று சிதறிப்போவார்கள். அவ்வளவுதான். இத்துடன் கைப்பிரதி நின்றுவிட்டது என்று கீழே அவருடைய நண்பர் எங்கெல்ஸின் குறிப்பு.

எழுதும்போதே உயிர் போய்விட்டதாக்கும் என்று பரிதாபப்பட வேண்டாம். அதை எழுதியது 1860களின் நடுவில், மறைந்தது 1883இல். இடைப்பட்ட காலத்தில் ரஷ்ய மொழி கற்றார், நுண்கணிதம் போட்டுப் பார்த்தார். மீனுக்கு அடுத்த வரியை மட்டும் எழுதவில்லை.

பாக்கி எங்கெல்ஸ் தலையில் விழுந்தது. அவரோ மான்செஸ்டரில் அப்பா பங்கு வைத்திருந்த நூற்பாலையில் குமாஸ்தாவாக உட்கார்ந்து பங்குதாரராக எழுந்தவர்; குதிரையேறி நரிவேட்டைக்குப் போனவர்; அந்த வருமானத்தில் மார்க்ஸ் குடும்பத்துக்கும் படியளந்தவர். கூலிக்கு மேல் தொழிலாளியின் உழைப்பு முதலாளிக்குத் தரும் உபரி மதிப்பைக் கண்டுபிடிக்க ஆன செலவும் அந்த உபரி மதிப்பிலிருந்தே வந்தது. 1894இல் மூன்றாம் தொகுதியை அச்சேற்றிவிட்டு, மறுவருடமே அவரும் போய்ச் சேர்ந்தார்.

பிறகு ஆளாளுக்குப் பேனாவைத் தூக்கினார்கள். 1923இல் வங்கி இயக்குநர் வீட்டுப் பிள்ளையான ஹங்கேரிய மார்க்சியர் லூகாச், தொழிலாளி மனதில் நிஜமாக ஓடுவது வர்க்க உணர்வல்ல, தன் நிலைமை முழுக்கப் புரிந்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ அதுதான் என்றார். தொழிலாளிக்கு யோசிக்கிற வேலை மிச்சம்.

1974இல் பாரிஸிலிருந்து கிரேக்கத் தோழர் பூலன்ட்சாஸ் ஒரு சல்லடையோடு வந்தார். உபரி மதிப்பை உண்டாக்குகிறாயா? உடலுழைப்பா? யாரையும் மேய்க்காமல் இருக்கிறாயா? மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் தொழிலாளி. ஆபீஸ் குமாஸ்தா, கடைச் சிப்பந்தி எல்லாம் 'புதிய குட்டி முதலாளி வர்க்கம்'. இங்கே ஒரு பழைய கதை. 1862இல் கடன் கழுத்தை நெரிக்க, மார்க்ஸ் ரயில்வே ஆபீசில் வேலை தேடினார். கையெழுத்து கோழிக் கிறுக்கல் என்பதால் கிடைக்கவில்லை. நல்லவேளை. கிடைத்திருந்தால் பூலன்ட்சாஸ் கணக்கில் அவரும் குட்டி முதலாளி!

அமெரிக்கச் சமூகவியலாளர் எரிக் ஓலின் ரைட் அதே சல்லடையில் தன் நாட்டைச் சலித்துப் பார்த்தார். தொழிலாளிகள் 20 சதவீதம்கூடத் தேறவில்லை. புரட்சிக்கு இந்த ஆள் பற்றாதே! அதனால் மேனேஜர் மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவர்களுக்கு 'முரண்பட்ட வர்க்க இருப்பிடம்' என்று தனியாகப் பட்டா போட்டுக் கொடுத்தார். அதுவும் போதாமல் 1985இல் மொத்தம் 12 கட்டங்கள் போட்டார். அதே வருடம் கோட்பாட்டாளர்கள் லக்லாவும் மூஃபும் வர்க்கத்துக்கென்று தனி முதல்மரியாதை கிடையாது என்று இன்னொரு புத்தகத்தில் கைகழுவினார்கள்.

அந்த 1985 மார்ச்சில்தான் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், ஏறக்குறைய ஒரு வருட வேலைநிறுத்தத்தில் தோற்று, கொடியும் பேண்டு வாத்தியமுமாக வேலைக்குத் திரும்பினார்கள். 12இல் தங்கள் கட்டம் எது என்று அவர்கள் யாரையும் விசாரிக்கவில்லை. பிரதமர் தாட்சர் அம்மையாருக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை. 52ஆம் அத்தியாயத்தின் மிச்சப் பக்கத்துக்குக் காத்திராமல், வேலைநிறுத்தத்துக்கு முன்பே அவருடைய அரசு மின்நிலையங்களில் கரியை மலைமலையாகக் குவித்து வைத்திருந்தது.