அமெரிக்கக் கலைக்கூட இலக்கணம்: சார்பியல்

இடைச்சொல் தனித்து இயங்காது. பெயரையோ வினையையோ சார்ந்தே பொருள் தரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஓவியமும் அத்தன்மைத்தே என்பது எம் துணிபு. அது எதைச் சார்ந்து நின்றதோ, அதைக் கொண்டே அந்நாட்டுக் கலைக்கூடங்களை வகுக்கிறோம்.

முதலாவது, எலும்பு சார்ந்தது. பிலடெல்பியாவில் சார்ல்ஸ் வில்சன் பீல் 1786இல் தொடங்கிய கூடத்தில் மேல்வரிசை முழுதும் விடுதலைப் போர்ப் பெருமக்களின் உருவப்படங்கள். கீழே கண்ணாடிப் பெட்டிகளில் பாடம் செய்த பறவைகள். (பிள்ளைகளுக்கு ரஃபேல், ரெம்பிராண்ட், டிஷியன், ரூபன்ஸ் என்று பெயர் சூட்டியவர், அவர் கலைப்பற்றை ஐயுறற்க.) 1801இல் நியூயார்க் மாநிலத்துச் சேற்றிலிருந்து யானைக்கு உறவான மாஸ்டடானின் எலும்புகளைத் தோண்டி வந்தார். கூடத்தைப் பார்க்க 25 சென்ட். எலும்பறைக்கு மேலும் 50. ஓவியத்துக்கும் எலும்புக்கும் உள்ள விலைவிகிதம் இதனால் பெறப்படும். குரங்குடலில் மீன்வாலைத் தைத்த பொம்மையை 1842இல் கடற்கன்னி என்று காட்டிய காட்சிக்கூட முதலாளி பார்னமும் இவ்வினமே, உரை வேண்டா.

இரண்டாவது, சுதை சார்ந்தது. 1805இல் தோன்றிய பென்சில்வேனியா நுண்கலைக் கழகம், பண்டைச் சிலைகளின் பிளாஸ்டர் படிகளைப் பாரிஸிலிருந்து வரவழைத்தது. அவற்றுள் பல ஆடையற்றவை. ஆகவே திங்கட்கிழமை மகளிர்க்கென ஒதுக்கப்பட்டது. ஆண்பாலும் பெண்பாலும் ஒருங்கே நோக்கின் கலை பிறிதாகத் திரியும் என்று கழகத்தார் கருதினர் போலும்.

மூன்றாவது, பிணம் சார்ந்தது. எடுத்துக்காட்டு ஒன்றே, ஆயினும் தனிவகையாகத் தகும். ஓவியர் ஜான் டிரம்புல், முதுமையில் கை வறண்டு, தம் படங்களை யேல் கல்லூரிக்குக் கொடுத்தார். ஈடாக ஆயுள் உள்ளளவும் ஆண்டுக்கு 1,000 டாலர். கூடம் 1832இல் திறந்தது. கிழவர் எத்தனை ஆண்டு இருப்பார் என்று கல்லூரி கணக்கிட்டதோ, அவர் 1843 வரை இருந்தார். தம்மைத் தம் படங்களின் அடியிலேயே புதைக்கக் கேட்டிருந்தார், அப்படியே செய்தார்கள். பின்னர்ப் படங்கள் வேறு கட்டடத்துக்குப் போனபோது அவரும் உடன் போனார். இத்தகைய காப்பாளர் வாய்ப்பது அரிது.

நான்காவது, செல்வர் சார்ந்தது. 1870இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டனும் பிறந்தன. பின்னதன் முதல் தலைவர் ரயில்வே முதலாளி ஜான் டெய்லர் ஜான்ஸ்டன். நடனப்பள்ளியாய் இருந்த வீட்டில் 1872இல் திறந்து, 1880இல் சென்ட்ரல் பூங்காவில் குடியேறியது.

புறநடை: மெட்ரோபாலிட்டனுக்குப் 'பொது' என்னும் அடைமொழி ஞாயிறு ஒழிந்த நாட்களுக்கே பொருந்திற்று. ஆறு நாள் உழைத்த தொழிலாளி ஏழாம் நாள் வந்தால் கதவு பூட்டியிருக்கும். ஓய்வுநாளின் புனிதம் கெடுமென்று அறங்காவலர் அஞ்சினர். ஞாயிறன்று அக்கதவு திறந்தது 1891 மே 31இல்.