மொய் எழுத வந்த அரசாங்கம்

2023 ஏப்ரலில் நம் வீட்டுக் கல்யாணத்தின் மேல் தமிழக அரசுக்குத் திடீரென்று பாசம் பொங்கியது. திருமண மண்டபம், விருந்துக்கூடம், மாநாட்டு அரங்கம், விளையாட்டு மைதானம், ஏன், வீட்டு விசேஷத்தில்கூட மது பரிமாறலாம், சிறப்பு உரிமம் வாங்கினால் போதும் என்று விதியைத் திருத்தி அரசிதழில் போட்டார்கள். ஒரு நாளைக்குக் கட்டணம் மாநகராட்சியில் 11,000 ரூபாய், நகராட்சியில் 7,500, மற்ற ஊர்களில் 5,000. பட்டிக்காட்டுக் கல்யாணத்துக்குச் சலுகை விலை. இதல்லவா சமூகநீதி!

உரிமம் தரும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. சட்டத்தின் பெயர் மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி சேலத்தில் சாராயக்கடையை மூடிய 1937-இல் பிறந்தது. ஜீவகாருண்ய சபை என்று போர்டு மாட்டிவிட்டு உள்ளே ஆடு அறுப்பது இதைவிட நாணயமான தொழில். 1971-இல் திறந்தார்கள், 1974-இல் மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள், 2003-இல் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. ஆட்சிகள் மாறின. கல்லாப்பெட்டி இடம் மாறவே இல்லை.

அதே வருஷம் தை மாதம் ஒரு நகராட்சி ஊரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டப வாசலில் ‘மது அருந்திவிட்டு உள்ளே வரக் கூடாது’ என்று சிவப்பு எழுத்து. பின்பக்கம் ஒரு காரின் டிக்கி திறந்திருந்தது. உள்ளே பாட்டில்கள், பிளாஸ்டிக் டம்ளர், பந்தியிலிருந்து இலையோடு கடத்திய வாழைக்காய் வறுவல். பெண்ணின் அப்பா சமையல்காரருக்குப் பாக்கி கொடுக்கப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டு இளவட்டம் ஒன்று தோளில் கை போட்டது. “மாமா, இன்னும் ரெண்டு ஆஃப் சொல்லிடுங்க. உள்ளயே உக்காந்துக்கவா, வெயிலா இருக்கு.”

“உள்ள வேணாம் மாப்ள, மண்டபத்துக்கு சீல் வெச்சிடுவாங்க.” சிரித்துக்கொண்டே சொன்னார். எண்ணிய நோட்டில் நாலைப் பிரித்துக் கொடுத்தார். சமையல்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகளைப் பெற்றவனிடம் மிச்சமிருந்த ஒரே சாக்கு அந்த ‘சீல்’தான். மூன்று மாதத்தில் அதையும் பிடுங்கக் கை நீட்டியது அரசு. அதற்குப் பிறகு “7,500 கட்டினா லைசென்ஸே தர்றாங்களாமே மாமா” என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்?

ஊரே கொந்தளித்ததும் அமைச்சர் விளக்கம் தந்தார்: கல்யாண மண்டபத்துக்கெல்லாம் இல்லை, சர்வதேச மாநாட்டுக்கும் ஐபிஎல் மாதிரியான போட்டிக்கும்தான். அரசிதழில் ‘திருமண மண்டபம்’ என்று அச்சடித்திருந்ததே? அந்தச் சொல்லை நாம்தான் தப்பாகப் படித்துவிட்டோம் போலிருக்கிறது. அவசரமாக அதை நீக்கித் திருத்தத்துக்கு ஒரு திருத்தம் போட்டார்கள். இரண்டொரு நாளில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அடுத்த மாதமே மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மறு வருஷம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதைத் தாண்டியது. ஏசி அரங்கத்தில் கோப்பை ஏந்துபவனுக்கு விண்ணப்பம், கட்டணம், கலெக்டர் ஒப்புதல் என்று எத்தனை கண்காணிப்பு! போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் பாக்கெட் சாராயம் வாங்கியவனைக் கண்காணிக்க ஒரு கண்ணும் இல்லை. அவன் செத்த பிறகுதான் அரசுக்குக் கண் திறந்தது. வீட்டுக்கு 10 லட்சம்.

தர்ம காரியத்துக்கு நிதி திரட்ட விருந்து வைப்பார்களாம், மது ஓடுமாம், வசூல் ஏழைக்குப் போகுமாம். பெரிய மனிதர்கள் வருஷத்துக்கு ஒரு முறை செய்வதை நம் அரசு தினமும் பகல் 12 மணிக்குத் தொடங்கி ராத்திரி 10 வரை நடத்துகிறது. 2023-24-இல் வசூல் 45 ஆயிரம் கோடிக்கு மேல். அண்ணன் கடையில் விட்டதில் ஒரு சிட்டிகை மாதம் 1,000 ரூபாயாக அண்ணி கணக்குக்கு வரும். அதற்குப் பெயர் மகளிர் உரிமைத் தொகை. அண்ணிக்கு முன்னால் அண்ணன் அந்த ஏடிஎம்முக்குப் போகாமல் இருந்தால் சரி.

அந்தத் தை மாதக் கல்யாணத்தன்று ராத்திரி பந்தல் பிரிக்கும்போது பெண்ணின் அப்பா மொய் நோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். 101, 201, 501. பூவுக்கு எவ்வளவு, இலைக்கு எவ்வளவு, நாதஸ்வரத்துக்கு எவ்வளவு என்று அடுத்த பக்கத்தில் செலவு. டிக்கிக்குப் போனதை என்ன பெயரில் எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ‘இதர’ என்று எழுதினார்.